மெஷின் ஓடாத பதினொரு வாரங்கள்

ஸ்ரீராம்புரம், பெங்களூரு
12-7-2025

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி இராஜமாணிக்கம் எழுதுவது. இங்கே நானும் சீதாவும் சுகம். உன் காது எப்படி இருக்கிறது? டாக்டர் கொடுத்த மெஷினை மாட்டிக்கொள்கிறாயா, இல்லை பீரோவில் பத்திரமாக வைத்திருக்கிறாயா? இது போனில் சொல்ல வேண்டிய செய்திதான். நீ ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாய், ஆம்பூர் பஜார் வரைக்கும் கேட்கும். அதனால் தபால்.

எங்கள் பல்கலைக்கழகத்தில் அறிவியல் புலத்துக்கு நோக்கமும் விழுமியங்களும் எழுத ஒரு கமிட்டி போட்டார்கள். டிசம்பரில் தரம் பார்க்கும் குழு வருகிறதாம். வந்ததும் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, உங்கள் நோக்கம் என்ன என்பதுதானாம். நாற்பது வருஷமாக நோக்கம் இல்லாமலே ஓடியிருக்கிறோம் என்று இப்போதுதான் தெரிந்தது. டீன் ஸ்ரீகண்டன், ஐந்து பேராசிரியர்கள், லேப் ஆட்கள் சார்பில் ஒருவர். அந்த ஒருவர் நான். இயற்பியல் லேபில் முப்பத்தொரு வருஷம் குப்பை கொட்டியதற்குப் பலன்.

மூன்று கூட்டம் நடந்தது. கெமிஸ்ட்ரிக்காரர் சமூகப் பொறுப்பு முதலில் வர வேண்டும் என்றார். கணக்குக்காரர் அழகு என்று ஒரு வார்த்தை வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். சண்டை ஓய்ந்து டீ வந்தபோதுதான் நான் இருப்பது டீன் கண்ணில் பட்டது. "ராஜமாணிக்கம் அவ்ரே, நீவு ஹேளி", நீங்கள் சொல்லுங்கள் என்றார், பிஸ்கட் எடுத்துக்கொள்ளச் சொல்வதுபோல. நான் எனக்குத் தெரிந்த கன்னடத்தில் சொன்னேன்: "சார், எங்க லேபில் ஒரே ஒரு ரூல்தான். பார்த்ததை எழுதணும். பார்க்காததை எழுதக்கூடாது."  நம் தர்ஷினிக்கு வழிகாட்டியாக இருக்கும் வீணா மேடம் அதை அப்படியே குறித்துக்கொண்டார். இப்போது அதுதான் முதல் விழுமியம். நுழைவாயில் சுவரில் எழுதப் போகிறார்கள்.

சும்மா சுவரில் எழுதினால் போதுமா என்று நானே ஒரு யோசனையும் சொன்னேன். மாணவர்கள் தயாரிக்கும் பொடிகளை அளக்கும் என் எக்ஸ்-ரே மெஷினுக்கு ஒரு லாக்புக் உண்டு என்று உனக்குத் தெரியும். யார் வந்தார், எந்தத் தேதியில் எந்தப் பொடியை வைத்து அளந்தார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். இனி எந்த மாணவர் ஆய்வேட்டைக் கொடுத்தாலும் அதில் உள்ள அளவுகளை லாக்புக்கோடு ஒப்பிட்டு நான் சான்று தர வேண்டும். அதற்கு ஃபார்ம் கூட நானே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக் கொடுத்தேன். பொடி எண், தேதி, பெயர், கையெழுத்து. நாலே கட்டம்.

தர்ஷினி நலம். சனிக்கிழமை ஹாஸ்டலில் இருந்து வந்து சாப்பிட்டுப் போகிறாள்.

உன் தம்பி,
இராஜமாணிக்கம்

ஆம்பூர்
21-7-2025

அன்புத் தம்பிக்கு,

அக்கா பாஞ்சாலி எழுதியது. கடிதம் கிடைத்தது. நான் சுகம், காதுதான் சுகமில்லை. அந்த மெஷினை மாட்டினால் தெருவில் போகும் ஆட்டோ என் மண்டைக்குள் போகிறது. பீரோவில்தான் இருக்கிறது, நீ கண்டுபிடித்துவிட்டாய்.

உன் வார்த்தை சுவரில் ஏறப் போகிறது என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அங்கன்வாடிக்கு வந்த அம்மாக்களிடம் எல்லாம் சொன்னேன். எங்கள் அங்கன்வாடி சுவரிலும் நோக்கம் எழுதியிருக்கிறது. ஆரோக்கியமான குழந்தை, வளமான நாடு. அதற்குக் கீழேதான் தண்ணீர் கசிகிறது.

தர்ஷினி ஆய்வேட்டை எப்போது கொடுக்கிறாள்? கோயமுத்தூர் கல்லூரியில் ஜனவரிக்குள் பட்டம் வந்தால்தான் வேலை என்று சொல்லியிருக்கிறார்களாம். அவள் அப்பா போனபிறகு இந்த ஆறு வருஷம் நான் எப்படி ஓட்டினேன் என்று உனக்குத்தான் தெரியும். கொஞ்சம் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள். சீதாவுக்கு என் அன்பு.

அக்கா,
பாஞ்சாலி

பெங்களூரு
9-8-2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நலமா? உன் ரத்த அழுத்த மாத்திரையை விடாமல் போட்டுக்கொள்.

அதிகம் எழுத நேரமில்லை. புது ஃபார்மில் முதலில் வந்தது தர்ஷினியுடையதுதான். ஒன்று கேட்க வேண்டும். இரண்டு வருஷம் முன்னால், 2023-இல், ஆகஸ்ட் பாதியில் இருந்து அக்டோபர் கடைசி வரை அவள் ஊருக்கு வந்தாளா? வந்திருந்தால் எத்தனை நாள் இருந்தாள்? நினைவுபடுத்திப் பார்த்து எழுது. அவளிடம் கேட்க வேண்டாம். நான் கேட்டதாகவும் சொல்ல வேண்டாம்.

தம்பி,
இராஜமாணிக்கம்

ஆம்பூர்
16-8-2025

அன்புத் தம்பிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுதான் உன் கடிதம் வந்ததில் இருந்து ஒரு நிலையில் இல்லை. ஒரு குழந்தைக்கு இரண்டு தடவை சத்துமாவு கொடுத்துவிட்டேன்.

அந்த வருஷம் ஆயுதபூஜைக்குக்கூட அவள் வரவில்லை. வேலை இருக்கிறது என்றாள். காலையில் போன் செய்தால் எப்போதும் பஸ் சத்தம். எங்கேடி போகிறாய் என்றால் வேலையாகத்தான் அம்மா என்பாள். என்ன நடந்தது? எனக்கு எல்லாவற்றையும் எழுது. பாதியை எழுதிப் பாதியை விட்டால் நான் மீதியை நானே கற்பனை செய்துகொள்வேன், அது இன்னும் மோசமாக இருக்கும்.

அக்கா,
பாஞ்சாலி

பெங்களூரு
24-8-2025

அன்புள்ள அக்காவுக்கு,

வீட்டில் அனைவரும் சுகம் என்று எழுதுவது வழக்கம். நான் சுகமாக இல்லை.

தர்ஷினி கொடுத்த ஃபார்மில் பதினான்கு பொடி. அதில் ஒன்பதுக்கு அவள் எழுதியிருக்கும் தேதிகள் 2023 ஆகஸ்ட் பதினான்குக்கும் அக்டோபர் முப்பதுக்கும் நடுவில் வருகின்றன. அந்தப் பதினொரு வாரமும் என் மெஷின் ஓடவில்லை அக்கா. எக்ஸ்-ரே டியூப் எரிந்துபோய், வெளிநாட்டில் இருந்து புதுசு வரும்வரை துணி போட்டு மூடி வைத்திருந்தேன். லாக்புக்கில் அதற்காக ஒரு பக்கம் வெறுமையாக விட்டிருக்கிறேன். பழுது பார்க்க வந்த கம்பெனி ஆள் யூஜின் கொடுத்த ரிப்போர்ட்டை அதில் ஒட்ட வேண்டும் என்று விட்டது. ரிப்போர்ட் இன்னும் டிராயரில் கிடக்கிறது.

மெஷின் செத்துக் கிடந்த நாளில் அளந்ததாக எழுதியிருக்கிறாள். அளக்காமலே கிராஃபில் கோடு வரைந்திருக்கிறாள் என்றுதான் அர்த்தம். வேறு எப்படி யோசித்தாலும் எனக்கு அங்கேதான் போய் நிற்கிறது.

நான் கையெழுத்துப் போட மறுத்தால் ஆய்வேடு நிற்கும். விசாரணை வரும். கோயமுத்தூர் வேலை போகும். ஒருவேளை பட்டமே கிடைக்காது. அவளிடம் கேட்கலாம்தான். நேற்று சனிக்கிழமை, எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டாள். இரண்டு தடவை வாய்வரைக்கும் வந்தது. கேட்டால் ஆமாம் மாமா என்று சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருந்தது. ரசம் போடு என்று சீதாவிடம் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டேன்.

நீயும் கேட்காதே.

தம்பி,
இராஜமாணிக்கம்

ஆம்பூர்
30-8-2025

அன்புத் தம்பிக்கு,

படித்தேன். மூன்று தடவை படித்தேன். அரிசிப் பானைக்குள் வைத்திருக்கிறேன்.

உனக்கு ஒன்று சொல்கிறேன், இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. எங்கள் அங்கன்வாடியில் தராசு கெட்டுப்போய் ஐந்து மாதம் யாரும் வந்து பார்க்கவில்லை. மாதா மாதம் எடை எழுத வேண்டும். நான் எழுதினேன். போன மாத எடையோடு கொஞ்சம் கூட்டி எழுதினேன். நான் எழுதியதால் எந்தக் குழந்தையும் இளைத்துவிடவில்லை. எழுதாமல் விட்டிருந்தால் முட்டையை நிறுத்தியிருப்பார்கள்.

அவள் தப்பு செய்திருந்தால் அவள் பாவம் அவளோடு. ராத்திரி பகல் பார்க்காமல் படித்த பெண், ஏதோ அவசரத்தில் செய்துவிட்டாள். நீ அவளுக்குத் தாய்மாமன். அவள் காது குத்தும்போது உன் மடியில்தான் உட்கார்ந்து அழுதாள். நாலு கட்டம் போட்டவன் நீ, அதை நிரப்பவும் உனக்குத் தெரியும். இதற்குமேல் நான் எழுத மாட்டேன்.

அக்கா,
பாஞ்சாலி

பெங்களூரு
20-9-2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அங்கே மழை உண்டா? இங்கே தினமும் சாயந்திரம் நாலு மணிக்குப் பிடித்துக்கொள்கிறது.

ஃபார்ம் போய்விட்டது. கவலைப்பட வேண்டாம்.

சுவரில் எழுத ஆள் வந்தார். கன்னடத்தில் ஒரு வரி, இங்கிலீஷில் ஒரு வரி. நீலப் பெயிண்ட். நான் இப்போது அந்த வாசல் வழியாகப் போவதில்லை, பின்பக்கம் கேன்டீன் வழி சுருக்கு. மெட்ரோவில் ஒரு ஸ்டேஷன் முன்னாலேயே இறங்கி நடக்கிறேன். உட்கார்ந்தால் உட்கார முடியவில்லை. நடந்தால் உடம்புக்கு நல்லது என்று டாக்டரும் சொல்கிறார்.

சீதா உன்னைக் கேட்டதாகச் சொன்னாள். தர்ஷினி சனிக்கிழமை வந்தாள். நான் வீட்டில் இல்லை.

தம்பி,
இராஜமாணிக்கம்

ஆம்பூர்
29-9-2025

அன்புத் தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. எப்படி என்று நான் கேட்க மாட்டேன். நீ நன்றாக இருக்க வேண்டும்.

நாகநாத சுவாமி கோயிலில் உன் பெயருக்கு அர்ச்சனை செய்தேன். கோயமுத்தூரில் வீட்டு வாடகை எவ்வளவு இருக்கும் என்று விசாரித்து வைத்திருக்கிறேன். நான் கூடப் போய் இருப்பதாகத்தான் எண்ணம். மூட்டு வலிக்குத் தைலம் அனுப்பட்டுமா? இவ்வளவு நடக்கிறாயே.

அக்கா,
பாஞ்சாலி

ஆம்பூர்
5-11-2025

தம்பிக்கு,

ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது, உன்னிடம் இருந்து ஒரு வரி இல்லை. சுகமா என்று கேட்கக்கூடப் பயமாக இருக்கிறது. தீபாவளிக்குத் தர்ஷினி வரவில்லை. போன் எடுக்கிறாள், அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிடுகிறாள். சீதாவிடம் கேட்டால் அவர் சாப்பிடுவதே இல்லை அண்ணி என்கிறாள். காதில் மெஷினை மாட்டிக்கொண்டு போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். நல்லதோ கெட்டதோ எழுது.

அக்கா,
பாஞ்சாலி

பெங்களூரு
18-11-2025

அக்காவுக்கு,

எழுதாமல் இருந்ததற்கு மன்னித்துக்கொள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் நாலு காகிதம் கிழித்தேன்.

அந்த வெறும் பக்கத்தில் நான் எழுதினேன். ஒன்பது தேதி, ஒன்பது பொடி, தர்ஷினி பெயர். கையெழுத்துக் கட்டத்தில் அவள் கையெழுத்தையும் நானே போட்டேன். பழைய பக்கத்தைப் பார்த்துப் பத்துத் தடவை பழகிவிட்டுப் போட்டேன். யூஜின் ரிப்போர்ட்டைக் கிழித்துக் கேன்டீன் அடுப்பில் போட்டேன். டியூப் வாங்கிய ஃபைலில் அதன் நகல் இருக்கும் என்பது பதற்றத்தில் எனக்குத் தோன்றவில்லை.

அவள் பொய் எழுதவில்லை அக்கா. என் மெஷின் படுத்திருந்த அந்தப் பதினொரு வாரமும், எலெக்ட்ரானிக் சிட்டிப் பக்கம் ஒரு கம்பெனி ஆய்வகத்தில் அனுமதி வாங்கி, அங்கே போய் அளந்திருக்கிறாள். காலை ஏழு மணிக்குத்தான் அவர்கள் மெஷின் காலியாக இருக்குமாம். அதற்கு முதல் பஸ். நீ கேட்ட பஸ் சத்தம் அதுதான். ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தில் தெளிவாக எழுதியிருக்கிறாள், அந்த ஆய்வகத்தின் கடிதமும் இணைத்திருக்கிறாள். இருநூறு பக்க இங்கிலீஷை நான் எங்கே படித்தேன்? என் ஃபார்மில் எந்த மெஷின் என்று கேட்க ஒரு கட்டம் இல்லை. உலகத்தில் என் மெஷின் ஒன்றுதான் இருக்கிறது என்ற நினைப்பில் கோடு போட்டவன் நான்.

ஆபீசில் மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். ஆய்வேடு அங்கே அளந்தேன் என்கிறது. லாக்புக் அதே நாளில் இங்கே அளந்தாள் என்கிறது. டியூப் ஃபைல் இங்கே மெஷினே ஓடவில்லை என்கிறது. மொத்தத்தையும் அவள் ஜோடித்திருக்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டார்கள். வீணா மேடம்கூட, "உன் கையெழுத்து இங்கே எப்படிம்மா வந்தது?" என்று கேட்டிருக்கிறார்.

அந்தப் பக்கத்தின் ஜெராக்ஸோடு லேபுக்கு வந்தாள். நான் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தேன். "மாமா, இது என் கையெழுத்து இல்ல. யாரோ போட்டிருக்காங்க. உங்களுக்குத் தெரியாம யாராவது லாக்புக்க எடுத்தாங்களா?" என்றாள். என்மேல் சந்தேகமே வரவில்லை அவளுக்கு. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "நான்தாம்மா போட்டேன்" என்றேன். ஜெராக்ஸை மடித்துப் பைக்குள் வைத்தாள். போய்விட்டாள்.

மறுநாள் டீனிடம் எழுதிக் கொடுத்தேன். சான்றில் என் கையெழுத்தை ஏன் போட்டேன், லாக்புக்கில் அவள் கையெழுத்தை எப்படிப் போட்டேன், எல்லாம் எழுதிக் கொடுத்தேன். "நீவா?" என்று கன்னடத்தில் ஒரே வார்த்தை கேட்டார், நீங்களா என்று. கமிட்டியில் இருந்து எடுத்துவிட்டார்கள். லேபில் இருந்தும் எடுத்து, உடைந்த நாற்காலி போட்டு வைக்கும் ஸ்டோருக்கு அனுப்பிவிட்டார்கள். விசாரணை முடிந்தபிறகு வேலையே இருக்குமா என்று தெரியாது. அது எனக்கு நியாயம்தான். ஆனால் அவள் பெயர் சுத்தமாக இன்னும் இரண்டு மாதமாவது ஆகும் என்கிறார்கள். கோயமுத்தூர்க்காரர்கள் அதுவரை காத்திருக்க மாட்டார்கள்.

உன் பெயரை நான் எங்கும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

இராஜமாணிக்கம்

ஆம்பூர்
26-11-2025

தம்பிக்கு,

தர்ஷினி வந்தாள். இரண்டு நாள் இருந்தாள். முதல் நாள் முழுக்கத் தூங்கினாள். இரண்டாம் நாள், மாமா இப்படி ஏன் செய்தார் அம்மா என்று என்னைக் கேட்டாள். தெரியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை.

அரிசிப் பானையில் இருந்து உன் கடிதங்களை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். படித்தாள். நீ என்ன எழுதினாய் அம்மா என்றாள். என்னுடையது உன்னிடம் இருக்கிறது. ஒன்றுகூட எடுத்து ஒளிக்காமல் அவளிடம் கொடுத்துவிடு. தராசு பற்றி எழுதியதையும் கொடு. என் பெயரைக் காப்பாற்ற வேண்டாம். நான் சொல்லித்தான் உன் கை அந்தப் பக்கத்துக்குப் போனது என்று அவளுக்குத் தெரிய வேண்டும்.

புறப்படும்போது போயிட்டு வரேன் அம்மா என்று சொல்லவில்லை. போறேன் என்றாள்.

பாஞ்சாலி

ஹாஸ்டல், பெங்களூரு
2-2-2026

மாமாவுக்கு,

தர்ஷினி எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். நீங்களும் அத்தையும் எப்படி இருக்கிறீர்கள் என்று உண்மையாகவே கேட்கிறேன். உங்களை ஸ்டோர் வாசலில் இரண்டு தடவை பார்த்தேன். ரொம்ப இளைத்துவிட்டீர்கள். பேச வரவில்லை, அதனால் நானும் உங்கள் இருவர் வழக்கப்படி எழுதுகிறேன்.

கடிதங்கள் எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கிப் படித்தேன். நீங்கள் ஐந்து, அம்மா ஆறு. ஒன்பதாவது கடிதம் வரைக்கும் நான் ஏமாற்றுக்காரி. பதினொன்றிலும் பேச்சு என்னைப் பற்றித்தான். ஒன்றுகூட எனக்கு எழுதப்படவில்லை.

கோயமுத்தூர் வேலை போய்விட்டது. அதற்காக ஒருநாள் அழுதேன், தீர்ந்துவிட்டது. வேறு இடத்துக்கு விண்ணப்பித்திருக்கிறேன். விசாரணையில் மூன்று தடவை என்னை உட்கார வைத்து, ஒன்பது பொடியையும் பற்றிக் கேட்டார்கள். தெரியாதவர்கள், முகத்தைப் பார்க்காமல் கேட்டார்கள். ஆனாலும் கேட்டார்கள் மாமா. சொன்னேன், நம்பினார்கள். பதில் சொல்ல ஐந்து நிமிஷம்தான் ஆனது. அப்போதுதான் உங்கள் மேல் கோபம் வந்தது. வேலை போனபோதுகூட வரவில்லை.

நான் எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போனதை உங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் நினைக்கலாம். மெஷினைத் துணி போட்டு மூடிவிட்டு, யாரோ செத்துப்போனதுபோல அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தீர்கள். வேறு மெஷினுக்குப் போகிறேன் என்று அப்போது சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அதில் என் தப்பும் இருக்கிறது. அதை விசாரணையில் யாரும் கேட்கவில்லை, அதனால் இங்கே சொல்கிறேன்.

என் வாய்மொழித் தேர்வு பதினேழாம் தேதி, காலை பதினொரு மணி, இயற்பியல் செமினார் ஹால். பொதுவில் நடக்கும் தேர்வுதான், யார் வேண்டுமானாலும் வரலாம். அம்மா வருகிறாள், காதில் மெஷினோடு வருவதாகச் சொல்லியிருக்கிறாள். நீங்களும் வர வேண்டும். கேன்டீன் வழியாக வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு நழுவக் கூடாது.

வெளியில் இருந்து வந்த பரிசோதகர் கேட்டு முடித்ததும், சபையில் யாருக்காவது கேள்வி உண்டா என்று டீன் கேட்பார். வழக்கமாக யாரும் கேட்க மாட்டார்கள், எல்லாரும் சமோசாவைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் கை தூக்குங்கள். அந்த ஒன்பது பொடியையும் எங்கே அளந்தாய் என்று கேளுங்கள். தமிழிலேயே கேளுங்கள், பரவாயில்லை. பதில் என்னிடம் போன ஆகஸ்டிலேயே இருந்தது.

உங்கள் அக்கா மகள்,
தர்ஷினி